ஓட்டிப் படித்தால் ஒன்றும் நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் ஞாயிறு காலைகளில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களோடு உட்காருகிறேன். பாடம் நடத்துவதில்லை. படிக்கும்போது எங்கே சிக்குகிறது என்று பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான் என் வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடப்புத்தகம், அப்புறம் நாளிதழ், அரசாணை, திட்டங்கள் என்று எல்லாவற்றையும் வரி விடாமல் படிக்க யாருக்கும் நாள் போதாது. எனவே எல்லோரும் ஓட்டிப் படிக்கிறார்கள். அதில் வரும் கோளாறுகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

ஸ்கிம்மிங் என்பதை நான் இங்கே 'ஓட்டிப் படிப்பது' என்றே சொல்கிறேன். கண்ணை வேகமாக நகர்த்துவது மட்டும் ஓட்டிப் படிப்பது ஆகாது. எதை விடலாம் என்று முடிவு செய்துகொண்டே போவதுதான் அது. அந்த முடிவு இல்லாமல் ஓட்டினால்தான் நுனிப்புல் மேய்ச்சலாகிவிடும்.

உங்களுக்கு எந்த அறிகுறி இருக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில் இருக்கும். காசும் நாளும் கூடுதலாகக் கேட்பது கடைசியில் வரும். மேலே உள்ளதைச் சரிபார்க்காமல் கீழே இறங்க வேண்டாம். தேவைப்படுவது ஒரு கடிகாரம், ஒரு பென்சில், நீங்கள் இதுவரை படிக்காத ஒரு பாடம்.

## அறிகுறி 1: "ஓட்டி முடித்தேன், ஒன்றும் நிற்கவில்லை"

முதல் சோதனை. பாடத்தை ஓட்டி முடித்ததும் புத்தகத்தை மூடுங்கள். இரண்டே வாக்கியம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: இது எதைப் பற்றியது, அதைப் பற்றி என்ன சொல்கிறது. முதல் வாக்கியம் வந்து இரண்டாவது வரவில்லை என்றால் கீழே முதல் காரணம். இரண்டும் வரவில்லை என்றால் இரண்டாவதும் மூன்றாவதும்.

கேள்வியே இல்லாமல் தொடங்கியது. பத்தில் எட்டுப் பேரிடம் நான் பார்ப்பது இதுதான். பக்கம் ஒன்றில் தொடங்கி நேராகக் கீழே போகிறார்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாதபோது கண்ணுக்கு எல்லா வரியும் ஒன்றுதான், அதனால் எதிலும் நிற்காது.

இப்படி மாற்றிப் பாருங்கள். சமூக அறிவியல் பாடம் ஒன்றை எடுங்கள். தலைப்பைப் பாருங்கள். 'கற்றலின் நோக்கங்கள்' என்று கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். உடனே பாடத்தின் கடைசிக்குத் தாவிப் 'பயிற்சி'யைப் படியுங்கள். விடை தெரியாத 3 கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு 2 நிமிடம் போதும். இப்போது முதல் பக்கத்துக்கு வாருங்கள். உட்தலைப்பு, அதன் கீழே முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும், தடித்த எழுத்து, படத்தின் கீழே உள்ள வரி என்று இவற்றை மட்டும் தொட்டுக்கொண்டே பக்கங்களைத் திருப்புங்கள். உங்கள் கேள்விக்கு விடை இருக்கிற மாதிரி தெரியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அங்கே நின்று படிக்க வேண்டாம், கோடு மட்டும் போதும். கடைசி வரை போய்விட்டுத் திரும்பி வந்து, கோடு போட்ட இடங்களை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

ஓட்டுவது இடத்தைக் கண்டுபிடிக்கத்தான். மனதில் நிறுத்துவது நிதானமாகப் படிக்கும் படிப்பு. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கப் பார்த்தால்தான் இந்த அறிகுறி வருகிறது.

எழுத்தின் வகைக்கு ஏற்றபடி கேள்வி இருக்கும் இடமும் மாறும். செய்தியில் முதல் பத்தியிலேயே விஷயம் முடிந்துவிடும். தலையங்கத்தில் முதல் பத்தி என்ன நடந்தது என்று சொல்லும், பத்திரிகையின் நிலைப்பாடு பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இருக்கும். அரசாணை என்றால் மேலே 'சுருக்கம்' இருக்கும். அதைப் படித்துவிட்டு, 'படிக்கப்பட்டவை' என்ற பட்டியலை அப்படியே தாண்டி, 'ஆணை' பகுதியில் "அரசு ஆணையிடுகிறது" என்று முடியும் பத்தியைத் தேடுங்கள். நடுவில் இருப்பது பெரும்பாலும் முன்கதை.

ஓட்டக்கூடாததை ஓட்டியது. திருக்குறளை ஓட்ட முடியாது. மொத்தம் ஏழு சீர், அதில் எதை விடுவது? கணக்கும் அப்படித்தான். சட்டப்பிரிவும் அப்படித்தான்: 'உட்பட்டு', 'தவிர' என்று ஒரு சொல் முழுப் பிரிவையும் வேறு திசைக்குத் திருப்பிவிடும். இவற்றைப் படித்து நிற்கவில்லை என்று வருபவர்களிடம் நான் சொல்வது, "இதை ஓட்டாதீர்கள், உட்கார்ந்து படியுங்கள்" என்பதுதான்.

பொருளே புதிது. ரெப்போ விகிதம், நிதிப் பற்றாக்குறை என்று ஒரு பத்தியில் நான்கைந்து சொல் தெரியாமல் இருந்தால், ஓட்டினாலும் நிற்காது, நிதானமாகப் படித்தாலும் பாதிதான் நிற்கும். தெரிந்த பொருளில்தான் எதை விடலாம் என்று கண்ணுக்குத் தெரியும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. அதே பொருளில் இரண்டு மூன்று வகுப்பு கீழே உள்ள பாடத்தை எடுத்து முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள். ஒரு வாரம் போகும். போகட்டும், அந்த வாரம் வீணல்ல.

இதற்கு மேல் யாரிடம் போவது? மூன்றையும் சரிசெய்து, தெரிந்த பொருளை நிதானமாகப் படித்தும் இரண்டு மூன்று வாரமாக எதுவும் தங்கவில்லை என்றால் கோளாறு வாசிப்பில் இல்லை. தூக்கம் எத்தனை மணி நேரம் என்று முதலில் கணக்கெடுங்கள். அதுவும் சரியாக இருந்து, எப்போதும் சோர்வாக இருந்தால் பொது மருத்துவரைப் பாருங்கள். இரத்தசோகையும் தைராய்டு குறைவும் கவனத்தைக் கெடுக்கும். இரண்டுமே சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பெண் பிள்ளைகளிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மாதக்கணக்கில் தங்களையே திட்டிக்கொண்டு, பரிசோதனை செய்யாமல் இருக்கிறார்கள்.

## அறிகுறி 2: "புரிந்தது என்றுதான் நினைத்தேன், பொருள் தலைகீழாகிவிட்டது"

கூற்று-காரணக் கேள்விகளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இதனால்தான். ஒன்றும் புரியாதவன் திரும்பிப் படிப்பான். தப்பாகப் புரிந்தவன் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். அதனால் இந்த அறிகுறியை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் சோதனை. கீழே உள்ள பத்தியை 15 வினாடியில் ஓட்டுங்கள்.

> மேட்டூர் அணையின் கட்டுமானம் 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டெல்டா மாவட்டங்களின் குறுவைச் சாகுபடிக்காக ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். எனினும் போதிய நீர் இருப்பு இல்லாத ஆண்டுகளில் அந்தத் தேதியில் அணையைத் திறக்க முடிவதில்லை. அப்போது ஆழ்குழாய்க் கிணறு வைத்திருக்கும் விவசாயிகளே குறுவை நடுகிறார்கள். மற்றவர்கள் சம்பாவுக்குக் காத்திருக்கிறார்கள்.

பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லுங்கள்: "ஆண்டு தவறாமல் ஜூன் 12-இல் அணை திறக்கப்படுகிறது." சரியா, தவறா? "நீர் இல்லாத ஆண்டில் யாரும் குறுவை நடுவதில்லை." சரியா, தவறா?

இரண்டும் தவறு. முதலாவதைச் சரி என்றவர்களின் கண் 1934, 120, 93.47, ஜூன் 12 என்று எண்களில் தாவியிருக்கும். 'எனினும்' கண்ணில் படவில்லை, 'முடிவதில்லை'யும் படவில்லை. இரண்டாவதில் தடுமாறியவர்கள் 'விவசாயிகளே' என்பதில் உள்ள அந்த 'ஏ'யைத் தாண்டிவிட்டார்கள்.

வாக்கியத்தின் தலையைப் பார்த்து வாலை விட்டது. வரியின் தொடக்கச் சொற்களைப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கினால் போதும் என்று ஒரு யோசனை பரவலாக இருக்கிறது. ஆங்கிலத்துக்காகச் சொன்னது அது. அங்கே யார், என்ன செய்தார் என்பது வாக்கியத்தின் முன்பாதியிலேயே வந்துவிடும், 'இல்லை' என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். தமிழில் வினைமுற்று கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. திறந்தார்களா, திறக்கவில்லையா, திறக்கக்கூடுமா, திறந்திருக்க வேண்டுமா என்பதெல்லாம் முற்றுப்புள்ளிக்கு முந்தைய சொல்லில்தான் இருக்கிறது. தமிழை ஓட்டுகிறவரின் கண் முற்றுப்புள்ளியிலிருந்து முற்றுப்புள்ளிக்குப் போக வேண்டும்.

பயிற்சி எளிது. நாளிதழின் ஒரு தலையங்கத்தை எடுத்து, ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் முன்னால் உள்ள சொல்லின் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு அந்தச் சொற்களை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். மேட்டூர் பத்தியில் என்றால் வினைகள் இப்படி வரும்: முடிந்தது, வழக்கம், முடிவதில்லை, நடுகிறார்கள், காத்திருக்கிறார்கள். பத்தியின் போக்கு அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் மேலே உள்ள பெயர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் 10 நிமிடம் செய்தால் பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தில் பென்சில் தேவைப்படுவதில்லை, கண் தானாகவே அங்கே போய் நிற்கிறது.

சொல்லின் கடைசி எழுத்தை விட்டது. தமிழில் சொல்லுக்கும் வால் உண்டு. 'மழை பெய்தால்' வேறு, 'மழை பெய்தாலும்' வேறு. ஓர் 'உம்' சேர்ந்ததும் அடுத்து வருவது எதிர்த்திசைக்குப் போகப்போகிறது. 'அனைவருக்கும் அல்ல', 'அனைவருக்கும் இல்லை' என்பவற்றையும் நின்று பாருங்கள், 'சிலருக்கு உண்டு' என்பது அதற்குள் இருக்கலாம். ஓட்டும்போது நீளமான சொல்லின் முன்பாதியை வைத்து மீதியை ஊகிப்பது எல்லோருக்கும் பழக்கம். உம், ஏ, ஆது, ஆத, இன்றி, அன்றி இந்த ஆறையும் ஒரு சீட்டில் எழுதிப் புத்தகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவை தெரியும் இடத்தில் ஓட்டம் நிற்க வேண்டும்.

திருப்பச் சொற்களைத் தாண்டியது. ஆனால், எனினும், இருப்பினும், மாறாக, ஆயினும். ஒரு பத்தியில் ஒரு வரிதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் வரியைப் படியுங்கள். அதற்கு முன்னால் இருப்பதை எழுதியவரே பாதி விட்டுக்கொடுத்துவிட்டார்.

இந்த அறிகுறிக்கு யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. மேலே உள்ள மூன்றும் போதும்.

## அறிகுறி 3: "வேகமே கூடவில்லை, ஒவ்வொரு சொல்லாகத்தான் போகிறது"

முதல் சோதனை. எளிய பாடம் ஒன்றைச் சரியாக 3 நிமிடம் படித்து, நின்ற இடம் வரை சொற்களை எண்ணி 3-ஆல் வகுங்கள். இந்த எண்ணை உங்களுடைய அடுத்த மாத எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் எண்ணோடு வேண்டாம். 2019-இல் வாசிப்பு ஆய்வாளர் மார்க் பிரிஸ்பார்ட் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, ஆங்கிலத்தில் பெரியவர்கள் கதையல்லாத நூல்களை மௌனமாகப் படிக்கும் சராசரி நிமிடத்துக்கு 238 சொல் என்று வந்தது. 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்காகவும்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல் ஆகும். தமிழில் எண்ணிக்கை குறைவாக வருவது இயல்பு, அதைப் பார்த்து மனம் உடைந்துவிட வேண்டாம்.

உதடு அசைகிறது. படிக்கும்போது சுட்டுவிரலை உதட்டின்மேல் லேசாக வையுங்கள். அசைந்தால் விரலுக்குத் தெரியும். உதடு அசையாமல் படிக்கப் பழகுங்கள். மனதுக்குள் கேட்கும் குரலை அடக்க முயல வேண்டாம். அது புரிதலுக்குத் துணை, அதை நசுக்கினால் முதல் அறிகுறி வந்து சேரும்.

திரும்பத் திரும்பப் பின்னால் போவது. ஒரு அஞ்சலட்டையை எடுத்து, படித்து முடித்த வரியை மேலிருந்து மூடிக்கொண்டே இறங்குங்கள். பலர் அட்டையைக் கீழே வைத்து வரப்போகும் வரியை மறைக்கிறார்கள். அது கண்ணைத் தடுக்கும். படித்ததைத்தான் மறைக்க வேண்டும். புரியாமல் திரும்பினால் அது நல்ல பழக்கம், பயத்தில் திரும்புவதுதான் கோளாறு. எதற்காகத் திரும்பினோம் என்று ஒரு நாள் கவனித்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்ற பயம். நன்றாகப் படிக்கிறவர்களிடம்தான் இது அதிகம். சின்ன வயதிலிருந்து வரி விடாமல் படித்து மதிப்பெண் வாங்கியவர்கள். ஒரு தங்கை நாளிதழை முதல் பக்கத்திலிருந்து ஏல அறிவிப்பு வரை படித்துக்கொண்டிருந்தாள், நாளுக்கு 3 மணி நேரம். ஒரு வாரத்துக்கு ஒரு வேலை கொடுத்தேன்: 40 நிமிடத்தில் நாளிதழை மூடிவிட வேண்டும், விட்ட செய்திகளின் தலைப்பை மட்டும் எழுதிவைக்க வேண்டும். வாரக் கடைசியில் அந்தப் பட்டியலை இருவருமாகப் பார்த்தோம். முப்பத்தி சொச்சம் தலைப்பில், போய்ப் படிக்க வேண்டியது என்று அவள் டிக் அடித்தது 2. இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவளுக்குப் பயம் விட்டது.

பணம் கட்டலாமா? நிமிடத்துக்கு ஆயிரம் சொல், முழுப் புரிதலோடு என்று விளம்பரம் செய்யும் வகுப்புகளுக்குப் பணம் கட்ட வேண்டாம். கீத் ரெய்னரும் சக ஆய்வாளர்களும் எழுதி 2016-இல் வெளிவந்த மதிப்பாய்வு இதைத் தெளிவாகவே சொல்கிறது: வேகத்தை அவ்வளவு ஏற்றினால் புரிதல் இறங்கும். சாரம் மட்டும் போதும் என்கிற இடத்தில் ஓட்டிப் படிப்பது பயன்படும். உண்மையிலேயே வேகம் கூட வேண்டுமென்றால் சொல்வளமும் வாசிப்புப் பழக்கமும்தான் வழி. நூலக உறுப்பினர் அட்டைக்கு ஆகும் காசு போதும்.

## அறிகுறி 4: "வீட்டில் வருகிறது, தேர்வறையில் வருவதில்லை"

இரண்டு மொழியிலும் படிப்பது. டி.என்.பி.எஸ்.சி. பொது அறிவு வினாக்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகி வரும். பதற்றத்தில் பலர் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படிக்கிறார்கள். குரூப் 4 தேர்வில் 200 கேள்விக்கு 180 நிமிடம், அதாவது ஒரு கேள்விக்கு 54 வினாடி. விடைத்தாளில் வட்டத்தைக் கருமையாக்குவதும் அதற்குள்தான். உங்கள் மொழியில் மட்டும் படியுங்கள். சொல் குழப்பினால் மட்டும் அடுத்த மொழிக்குத் தாவுங்கள், அதுவும் அந்த ஒரு சொல்லுக்கு.

பத்தியை முதலில் படிப்பது. பத்தி கொடுத்துக் கேள்வி கேட்டால் கேள்வியை முதலில் படியுங்கள். அதில் உள்ள பெயர், ஆண்டு, எண் இவற்றைப் பிடித்துக்கொண்டு பத்தியில் தேடுங்கள். கிடைத்ததும் அந்த வாக்கியத்தை மட்டும் முற்றுப்புள்ளி வரை நிதானமாக.

'தவறானது எது?' கேள்வியையே ஓட்டிவிடுகிறார்கள். பத்தியை ஓட்டலாம், கேள்வியை ஓட்டக்கூடாது. 'தவறான', 'பொருந்தாத', 'அல்லாத' என்று வந்தால் அந்தச் சொல்லில் ஒரு நொடி கண்ணை நிறுத்தி, மனதுக்குள் அழுத்திச் சொல்லிவிட்டு விடைகளுக்குப் போங்கள்.

## அறிகுறி 5: "தாளில் ஓடுகிறது, போனில் ஓடவில்லை"

எழுத்தைப் பெரிதாக்குங்கள், போனைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள், அறிவிப்புகளை அணையுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். விரலால் தள்ளிக்கொண்டே இருந்தால் வரி நகர்ந்துகொண்டே இருக்கும், இடம் நினைவில் பதியாது. பக்கம் பக்கமாகத் திருப்பும் அமைப்பு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் மங்கலான ஸ்கேன் பிரதிகளில் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பாடநூல்கள் அரசு இணையதளத்தில் தெளிவான பி.டி.எஃப்.ஆகவே கிடைக்கின்றன. முக்கியமான பாடத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 6: "வரி தாவுகிறது, கண் வலிக்கிறது, எழுத்து கலங்குகிறது"

இங்கே சொந்த வைத்தியத்துக்கு இடம் குறைவு. பார்க்க வேண்டியதைச் சீக்கிரம் பார்த்துவிடுங்கள்.

வெளிச்சம். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் புத்தகத்தின்மேல் விழும். விளக்கைப் பக்கவாட்டுக்கு மாற்றுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தள்ளி இருக்கும் ஒன்றை 20 வினாடி பாருங்கள். கண்ணைச் சிமிட்ட மறக்காதீர்கள், திரையைப் பார்க்கும்போது சிமிட்டுவது குறைந்துவிடும்.

கண்ணாடி. நாற்பதைத் தாண்டியும் தேர்வு எழுதுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒரு அக்கா புத்தகத்தைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துத்தான் படிப்பார். "வயசாச்சுப்பா, மூளை மழுங்கிடுச்சு, உன் பென்சில் வித்தையெல்லாம் எனக்கு வராது" என்றார். புத்தகம் இருந்த தூரத்தைக் காட்டி, கண்ணைப் பரிசோதியுங்கள் அக்கா என்றேன். வெள்ளெழுத்து, அவ்வளவுதான். வாசிப்புக் கண்ணாடி போட்டு வந்த வாரத்திலேயே தலையங்கத்தில் புள்ளி வைக்க ஆரம்பித்துவிட்டார். புத்தகத்தைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தால், மாலையில் நெற்றி வலித்தால், ஒரு கண்ணை மூடினால்தான் வரி நேராகத் தெரிகிறது என்றால் கண் மருத்துவரைப் பாருங்கள். வரி இரட்டையாகத் தெரிகிறது என்றால் அதையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் ஒரே புள்ளியில் ஒன்றுகூடுவதில் குறை இருக்கலாம், அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு.

சின்ன வயதிலிருந்தே எழுத்து தடுமாறுகிறது என்றால். எழுத்து மாறித் தெரிவது, வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் வியர்ப்பது, காதால் கேட்டால் உடனே புரிவது. இந்த மூன்றும் பள்ளி நாளிலிருந்து இருந்தால், ஓட்டிப் படிக்கும் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீட்டுக்குப் போங்கள். சிறப்புக் கல்வியாளரோ மருத்துவ உளவியலாளரோ அதைச் செய்வார். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்காகவே இயங்குகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒரு வகையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு இப்படி இருந்தால், "கவனமாகப் படி" என்று அதட்டுவதை இன்றோடு விட்டுவிட்டுப் பள்ளியில் பேசுங்கள்.

திடீரென்று படிக்க முடியாமல் போனால். நேற்றுவரை படித்தவருக்கு இன்று எழுத்து தெரிகிறது, சொல் புரியவில்லை. அல்லது பக்கத்தின் ஒரு பாதி மறைந்துவிட்டது. அல்லது பேச்சு குழறுகிறது, வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை. இவற்றில் எது இருந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கவும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்து வையுங்கள். மருத்துவமனையில் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.